என் ஒப்பாரிக்குக் கிடார் வாசித்தவன்

எனக்கு அறுபத்தெட்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். பெற்றது நான்கு, ஐந்தாவது, என் இரண்டாவது மகள் விட்டுப்போன பேத்தி. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அவள்தான்.

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அச்சில் இருந்தால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன்; பேனா பிடித்தால் கையெழுத்துக்கு மேல் போகாது. அதற்காக யாரிடமும் தலை குனிந்ததில்லை. சிவகாசியில் ஓர் அச்சாபீசில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். கடைசிப் பையன் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். தீப்பெட்டி ஒட்டியும் வெடிக்குக் குழாய் சுற்றியும்தான் பிள்ளைகளைக் கரை சேர்த்தேன்.

சாவு விழுந்த வீட்டைக் கேத வீடு என்போம். கேத வீட்டில் அழுவதற்கு என்னை ஆள்விட்டுக் கூப்பிடுவார்கள். கூலிக்கு அழுகிறவள் இல்லை நான். உறவுக்காகப் போவேன், தெருவுக்காகப் போவேன். நான் உட்கார்ந்து குரல் எடுத்தால்தான் மற்றப் பெண்களுக்குத் தொண்டை திறக்கும் என்பார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைதான்.

பல வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் மினி பஸ்ஸில் ஏறிய எல்லோரும் ஒரு காதல் தோல்விப் பாட்டைக் கேட்டிருப்பார்கள். "வாசக் கதவு சாத்தலையே, கண்மணியே, வாரேன்னு சொல்லலையே" என்று வரும். பின்னால் கிடார் மெதுவாக இழுத்து இழுத்து வரும். அதைப் பாடியவன் என் கடைசி மகன். பாடியதுதான் அவன். அழுதது நான். இதை எழுதுகிற இவளுடைய அம்மா, என் இரண்டாவது மகள், செத்த அன்று, அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அழுத அழுகை அது. கண்மணி என்று ஒருத்தியும் கிடையாது. இவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதச் சொல்கிறேன்.

பக்கத்தில் எம். புதுப்பட்டி என்ற ஊரில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் என் மகள் பெட்டி அடுக்கும் வேலை பார்த்தாள். கட்டியவனுக்கும் அவளுக்கும் ஒத்துவராமல் கைப்பிள்ளையோடு என்னிடம் வந்துவிட்டவள். காலையில் தெருமுனைக்குக் கம்பெனி வேன் வரும். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வாசற்படியில் நின்று "வாரேம்மா" என்பாள். நான் அடுப்படியிலிருந்து "ம்" என்றால்தான் இறங்குவாள். நான் கேட்காதது போல் இருந்தால் அங்கேயே நின்று மறுபடியும் "வாரேம்மா" என்பாள். வேன்காரன் ஹாரன் அடித்துக் கத்துவான். எனக்கு அதில் ஒரு விளையாட்டு.

அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். இறங்குவது போல் இருந்தது, பிறகு ஏறிவிட்டது. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது நினைவு இல்லை. தூக்கிய அவசரத்தில் வாசல் கதவைச் சாத்தாமல் போய்விட்டோம். திரும்ப வந்தபோது கதவு திறந்தபடியேதான் இருந்தது. அவளை உள்ளே கொண்டுவந்து கிடத்தினார்கள். எனக்கு அந்தக் கதவைத்தான் பார்க்க முடிந்தது.

"வாசக் கதவு சாத்தலையே, என் மகளே, வாரேன்னு சொல்லலையே."

இப்படித்தான் வந்தது. ஒப்பாரியை யாரும் யோசித்துக் கட்டுவதில்லை. வாயைத் திறந்தால் எது நெஞ்சை அடைத்துக்கொண்டிருக்கிறதோ அது வரும். அன்றைக்கு வந்த ராகமும் நான் அதற்கு முன் அழுத ராகம் இல்லை. மேலே ஏறி நிற்கிற இடத்தில் மூச்சு உடைந்து கீழே விழும். அது என் மகளுக்கென்றே வந்தது.

கடைசி மகன் அப்போது மீசை அரும்பிய பையன். பகலில் அச்சாபீசில் கட்டிங் மிஷின், சாயங்காலம் ஆர்கெஸ்ட்ராவில் கிடார். எங்கள் தெருவில் மேளம் தெரியும், தவுல் தெரியும். கழுத்தில் கிடாரைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தவன் அவன் ஒருவன்தான். இங்கிலீஷ் கேசட் வாங்கிவந்து, யாரோ ஒருவன் நிதானமாக உருகுவதைக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பான். அக்கா செத்த அன்று பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "தம்பிக்காரன் கல்லு மாதிரி நிக்கான் பாரு" என்று என் காதுபடவே பேசினார்கள்.

பிறகு அவன் மதுரைக்குப் போய்விட்டான். தான் பாடிய பாட்டை ஒரு பாட்டுக் கம்பெனி கேசட்டாகப் போட்டிருக்கிறது என்று தகவல் சொல்லி அனுப்பினான். என் வீட்டில் டேப் கிடையாது. கேட்டுக்கொள்ளலாம், எங்கே போகப்போகிறது என்று இருந்தேன்.

பேத்திக்கு ஐந்து வயதாகும்போது இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் மொட்டை போடுவதாக வேண்டுதல் இருந்தது. மகள் போன பிறகு அந்தப் பக்கமே போகாமல் இருந்தவள் நான். ஆத்தா மேல் அவ்வளவு கோபம். சாத்தூரில் இறங்கி மினி பஸ் ஏறினோம். இவள் என் மடியில். பஸ் கிளம்பியதும் பாட்டுப் போட்டான். கிடார் முதலில் வந்தது. பிறகு என் மகன் குரல். அந்த ராகம் மேலே ஏறி, நின்று, உடைந்து விழுந்தது. மடியில் இருந்த பிள்ளை கை தட்டிக்கொண்டு கூடவே பாடுகிறது: "கண்மணியே, வாரேன்னு சொல்லலையே." பக்கத்து வீட்டு டிவியில் கேட்டுப் படித்திருக்கிறாள். தன் அம்மாவுக்கு விழுந்த ஒப்பாரியை அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே பாடியது.

"தம்பி, அந்தப் பாட்டை நிப்பாட்டு" என்றேன் கண்டக்டரிடம்.

"சத்தம் கூடவா இருக்கு பெரியம்மா? கொறைக்கச் சொல்றேன்."

"கொறைக்க வேண்டாம். நிப்பாட்டு."

"இதை நிப்பாட்டுனா வண்டியே நின்னுரும் பெரியம்மா. அம்புட்டுச் சனமும் இதைக் கேக்கத்தான் நம்ம வண்டியில ஏறுது. பாடுனவரு யாரு தெரியும்ல? நம்ம சிவகாசிக்காரரு."

"அவனைப் பெத்தவ நான். பாட்டும் என்னுதுதான்."

"ஏலே மாப்ளே, கேட்டியா!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினான். "பாட்டுக் கட்டுனவக நம்ம வண்டியிலதான் இருக்காக. பெரியம்மா, அடுத்த கேசட்டு எப்ப வருது?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வழியிலேயே இறங்கி, மிச்ச தூரம் வெயிலில் நடந்தேன்.

அடுத்த முறை மகன் ஊருக்கு வந்தபோது புது டேப் ஒன்று வாங்கிவந்தான். எனக்காக. கேசட்டை உள்ளே போட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொத்தானில் விரலை வைத்தான்.

"அமுக்காத. பஸ்ல கேட்டுட்டேன்" என்றேன்.

அவன் விரலை எடுக்கவும் இல்லை, அமுக்கவும் இல்லை.

"அன்னைக்கு நீ அழுத, பெரியம்மா அழுதாக, தெருவே அழுதுச்சு. நான் பந்தக்காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஆம்பள நான் எங்கன போயிம்மா அழ?"

"அக்காவுக்கு அழுறவன் அக்கான்னு சொல்லி அழ வேண்டியதுதானலே. அது யாரு கண்மணி?"

"கம்பெனிக்காரரு மாத்தச் சொன்னாரு. செத்தவளுக்குப் பாடுனா எவன் வாங்குவான், விட்டுட்டுப் போனவளுக்குப் பாடு, ஊரே வாங்கும்னாரு. ஒரு சொல்லுதானம்மா மாத்துனேன்."

"ஒரு சொல்லா? அந்த ஒரு சொல்லுதாம்லே எம் மக."

இனிமேல் அதைப் பாடாதே என்றேன். "அதைப் பாடலேன்னா என்னை எவனும் மேடையில ஏத்த மாட்டாம்மா" என்றான். டேப்பை அலமாரி மேல் வைத்தேன்.

அவன் சொன்னது நிஜம். அந்தப் பாட்டுத்தான் அவனைத் தூக்கியது. விருதுநகர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு மேடை போட்டு, அவன் படத்தை ஆள் உயரத்துக்கு வைத்தார்கள். கேபிள் டிவியில் அவன் தண்டவாளத்து ஓரமாகத் தாடியோடு நடப்பான். வெள்ளைச் சுடிதார் போட்ட பெண் ஒன்று திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கும். திருப்பூர், பம்பாய், ஒரு தடவை மலேசியா. காலேஜ் பிள்ளைகள் எங்கள் தெருவுக்கே வந்து, "யாரும்மா அந்தப் பொண்ணு? எந்த ஊரு?" என்று என்னிடம் கேட்டார்கள். நான் உள்ளே போய்விடுவேன்.

அவனுக்கு வேறு பாட்டுப் பாட ஆசை இருந்தது. இரண்டாவது கேசட்டில் சந்தோஷமான பாட்டாகப் போட்டான். யாரும் சீண்டவில்லை. மேடையில் அதை ஆரம்பித்தால் கீழேயிருந்து சீட்டு வரும்: கண்மணியே பாடவும். பாடினால் "ஒன்ஸ்மோர்" என்று விசில். தினமும் அக்காவைப் பறிகொடுத்துவிட்டு, உடனே ஒருமுறை மறுபடியும் பறிகொடுக்க வேண்டும். அவன் குரல் கம்மத் தொடங்கியது அப்போதுதான். குடிப்பதாகவும் சொன்னார்கள். நான் பார்த்ததில்லை, பார்த்ததைத்தான் சொல்வேன்.

சிவகாசியில் எந்தத் தாளும் வீணாகப் போகாது. அச்சில் மிஞ்சியது, விற்காதது எல்லாம் வெடிக்குழாய் சுற்ற வந்துவிடும். ஒரு தீபாவளி சீசனில் எனக்கு வந்த லோடைப் பிரித்தால், இரண்டாவது கேசட்டின் அட்டைப் படம். கிடாரை அணைத்துக்கொண்டு என் மகன் சிரிக்கிறான், தாள் தாளாக. திருப்பிக் கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். படம் உள்பக்கம் போகும்படி திருப்பிவைத்துச் சுற்றினேன். அந்தத் தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

அவனுக்குப் பெண் பார்த்தோம். போகிற இடமெல்லாம் ஒரே பேச்சு: "பையன் நல்ல பையன்தான். ஆனா ஒருத்தியை நெனச்சு ஊரறிய உருகிட்டாரே. எங்க பொண்ணு வந்து என்ன செய்ய?" இல்லாத ஒருத்திக்காக அவனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. கடைசியாக விருதுநகரில் ஒரு வீடு. பெண்ணின் அப்பா வத்தல் மண்டியில் கணக்கு. எல்லாம் கூடிவந்து, பூ வைக்க நாள் பார்க்கும் நேரத்தில் அவர் தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்கிடாதீக. அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆயிருச்சா? இப்ப எங்கன இருக்கு?"

மகன் என்னைப் பார்த்தான். அவன் சொல்ல மாட்டான் என்று தெரிந்தது. நான் சொன்னேன்.

"அவ செத்துப் பல வருசமாச்சு அண்ணாச்சி. அது எம் மக. இவனுக்கு அக்கா. அவளைக் கெடத்திப்போட்டு நான் அழுத ஒப்பாரிதான் அது. கண்மணிங்கிறது கம்பெனிக்காரன் போட்ட பேரு."

அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது. உள்ளேயிருந்து அந்த வீட்டம்மா வெளியே வந்தார்.

"கேதப் பாட்டா அது? என் அண்ணன் மக கல்யாணத்துக்குப் பந்தல்ல அதைத்தான பாடுனாரு! அடி ஆத்தே. நல்ல காரியத்துக்குன்னு வந்து ஒக்காந்துக்கிட்டு என்னத்தம்மா சொல்றீக?"

தட்டில் வைத்த பூ அப்படியே இருந்தது. எழுந்து வந்துவிட்டோம்.

சொன்னதற்கு எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. என் மகளை என் மகள் என்றுதான் சொன்னேன். ஆனால் அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. கல்யாண வீடுகளில் அவனுக்குக் கொடுத்திருந்த ஆர்டரைத் திருப்பிக்கொண்டார்கள். தன் கல்யாணத்தில் அந்தப் பாட்டுப் பாடியதால்தான் பிள்ளை தங்கவில்லை என்று ஒருத்தி சொன்னாளாம். கோயில் கொடை விழாவுக்கு அவனைக் கூப்பிட யோசித்தார்கள். மினி பஸ்ஸில் பாட்டு நின்றது. நான் கெஞ்சியபோது நிற்காத பாட்டு.

அத்தோடு அது செத்துப்போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மைக் செட்டுக்காரர்கள் அதைக் கேத வீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். யார் செத்தாலும், கம்பத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி அதைத்தான் போடுவார்கள். கிழவன் செத்தாலும் கண்மணியே. மகனைத் தேடிக்கூட ஆர்டர் வந்தது, கருமாதிக்கு வந்து பாடச் சொல்லி. "மைக்கு நாங்களே தாரோம், கிடாரோட வாங்க" என்று வாசலில் நின்று கேட்டார்கள். அவன் கதவைச் சாத்தினான். அடுத்த வாரம் பழைய அச்சாபீசில் பழைய கட்டிங் மிஷினுக்கே போய்விட்டான். கிடாரைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டான்.

போன ஆடியில் சாத்தூரில் என் அக்கா போய்விட்டாள். எனக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். மகனும் பேத்தியும் நானும் போனோம். தெருவில் திரும்பும்போதே குழாயில் என் மகன் குரல். அவன் நடை தளர்ந்ததைப் பார்த்தேன். மைக் செட்டு வைத்திருந்தவனிடம் நேராகப் போனேன்.

"நிப்பாட்டுப்பா."

"கேதத்துக்கு இதாம்மா பாட்டு. எல்லா வீட்லயும் இதைத்தான் கேக்காக" என்றவன், எனக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்ததும் சட்டென்று அணைத்துவிட்டான்.

நான் உள்ளே போனேன். பெண்கள் விலகி அக்கா தலைமாட்டில் இடம் விட்டார்கள். "வந்துட்டாகப்பா, இனி அழுகைக்குக் கொறைவில்ல" என்று யாரோ சொன்னார்கள். இரண்டு பக்கமும் இருந்த பெண்கள் தோளில் கை போட்டு உட்கார்ந்தேன். அக்காவுக்கென்று என்ன வருகிறதோ வரட்டும் என்று வாயைத் திறந்தேன். வந்தது அந்த ராகம்தான்.

"வாசக் கதவு சாத்தலையே..."

சரி, ராகம் என்னுடையதுதானே, இருக்கட்டும் என்று மேலே போனேன். கூடப்பிறந்தவளுக்கு அழும்போது என் பொறந்தவளே என்று வர வேண்டும். என் வாயிலிருந்து "கண்மணியே" என்று வந்தது.

சுவரோரம் நின்ற ஒரு பெண் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. இன்னொன்று அடுத்து வரும் கிடாரை மெல்ல முனகியது. அதற்கே தெரியாமல் செய்தது, அந்தப் பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. நான் வாயை மூடினேன். திறந்து பார்த்தேன். மகளே என்று அழுத இடத்தில் யாரோ வேறு ஒருத்தி ஏறி உட்கார்ந்திருந்தாள். என் மகளை எங்கே தேடுவது என்றே எனக்குத் தெரியவில்லை. கேத வீட்டில் அப்படி ஓர் அமைதி இருக்கக் கூடாது. இருந்தது.

அப்போது வெளியே ஆம்பிளைகள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"என் பொறந்தவளே... வாரேன்னு சொல்லலையே..."

மைக் இல்லை, கிடார் இல்லை. கம்மிப்போன தொண்டை. வாசலுக்கு நேரே பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியம்மாவுக்கு அப்படி அழ மாட்டார்கள். அவன் பொறந்தவள் என்று யாரைச் சொன்னான் என்பது அங்கே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். "ஏலே, ஆம்பள ஒப்பாரி வைக்காதலே, என்ன பழக்கம் இது" என்று ஒரு பெரியவர் அதட்டினார். அவன் ராகம் ஏறி நிற்கும் இடத்துக்கு வந்தான். அங்கே குரல் நிற்கவில்லை. அடுத்த வரி இல்லாமல் உடைந்து, அப்படியே கீழே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதான். அவன் அக்கா செத்த அன்று வராத அழுகை.

அடுத்த வரியை நான் எடுத்துக்கொடுத்திருக்கலாம். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெண் தன் ராகத்தில் தொடங்கினாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். என் அக்கா, நான் அழாமல்தான் போனாள்.

நானும் மகனும் இன்று வரை அதைப் பற்றிப் பேசவில்லை. அவன் காலையில் வேலைக்குப் போகிறான். வாசலில் செருப்பை மாட்டும்போது "வாரேம்மா" என்கிறான். நான் முதல் தடவையே "ம்" என்று சொல்லிவிடுகிறேன். கேத வீடுகளிலிருந்து ஆள் வந்தால், தொண்டை சரியில்லை என்று அனுப்பிவிடுகிறேன்.

இனி என் வாயில் அந்த ஒப்பாரி சரியாக வராது. அதனால்தான் தாளில் ஏற்றச் சொன்னேன். எழுதும்போது இவளும் இடையில் ஒருமுறை பேனாவை நிறுத்தினாள். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை.

போதும்மா, இம்புட்டுத்தான். இப்ப மொதல்ல இருந்து வாசி. ராகம் போடாம வாசி. மகளேன்னு வர்ற எடம் வந்தா, மெதுவா வாசி.